குடும்ப விளக்கும் இரண்டாம் தாயும்

தமிழ் இலக்கியத்தில் இல்லறம் பாடப்பட்ட அளவுக்கு இல்லத்தில் நடக்கும் வேலை பாடப்படவில்லை. அகப்பாடல் தலைவன் தலைவியரின் பிரிவையும் கூடலையும் நுணுகி ஆராயும். அடுப்பில் ஏறிய உலையை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். காப்பியங்களில் மனையறம் வருவதுண்டு. ஆயினும், அது கைவிட்டுப் போன பின்னரே அதன் பெருமை பேசப்படும். கொலைக்களக் காதையில், விருந்தோம்பும் பேற்றினை இழந்ததைச் சொல்லிக் கண்ணகி வருந்துகிறாள். அசோக வனத்துச் சீதையோ, விருந்தினர் வந்தால் இராமன் என் செய்வான் என்று எண்ணி ஏங்குகிறாள். இருவரும் தத்தம் மனையை விட்டு நீங்கிய பிறகே அம்மனை கவிதைக்குள் நுழைகிறது. எதுவும் இழக்கப்படாத, எந்தப் பேரிடரும் நேராத ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொண்டு, அதனை விடியல் முதல் இரவு வரை பாடலாம் என்று துணிந்தவர் பாவேந்தர் பாரதிதாசன்.

1942இல் தொடங்கி 1950 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்த குடும்ப விளக்கின் முதற்பகுதிக்கு அவர் இட்ட பெயரே 'ஒருநாள் நிகழ்ச்சி' என்பதாகும். அடுத்து வருவன விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு, முதியோர் காதல். இவற்றுள் விருந்தோம்பல், மக்கட்பேறு என்னும் இரண்டும் திருக்குறள் இல்லறவியலின் அதிகாரப் பெயர்கள். எனவே கவிஞர் தம் நூலைக் குறளின் நிழலில் வைத்தே கட்டினார் என்பது வெளிப்படை. ஆனால், 'ஒருநாள் நிகழ்ச்சி' என்னும் தலைப்பு குறளிலும் இல்லை. வேறு எந்த அறநூலிலும் இல்லை. அறநூல் என்றும் உள்ளதைச் சொல்லும். இன்று காலை நடந்ததைச் சொல்லாது. இவ்வொரு சொற்றொடரில்தான் பாரதிதாசனின் புதுமை அடங்கியுள்ளது.

இந்நூலைச் சிங்கப்பூரின் வடபகுதியில் உள்ள ஈசூன் போன்ற ஒரு பேட்டையின் வகுப்பறையில் வைத்துப் படித்தால் என்ன நேரும் என்பதே இக்கட்டுரையின் வினா. வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவியின் தாய் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் புறப்பட்டுவிட்டவள் என்றால், அவ்வினா சிறிதன்று.

விளக்கின் ஒரு நாள்

முதற்பகுதியின் தலைவி வைகறையில் எழுகிறாள். கோலமிடுகிறாள். யாழ் எடுத்து இசைத்து வீட்டாரை எழுப்புகிறாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி உண்பித்துப் பள்ளிக்கு அனுப்புகிறாள். இவையெல்லாம் எதிர்பார்க்கக் கூடியவையே. அதன் பின்னர்தான் கவிஞர் வாசகரை வியக்கவைக்கிறார். வீட்டில் ஆள் இல்லாத முற்பகலில் அவள் தைக்கிறாள், பழுதுபட்ட மரச்சாமான்களைத் தானே செப்பனிடுகிறாள், கொத்துவேலையும் பார்க்கிறாள். வெளியூர் சென்று திரும்பும் மாமன் மாமியை வரவேற்று அவர்களின் தேவைகளைக் கவனிக்கிறாள். கணவனுடைய கடைக்கும் சென்று, அவனுக்குப் பதிலாக நின்று வாணிகமும் செய்கிறாள். தச்சுக் கருவியும் கொத்துக் கரண்டியும் தராசும் ஒரு பெண்ணின் கையில், அதுவும் ஒரு காப்பியத் தலைவியின் கையில், இத்தனை இயல்பாக வைக்கப்பட்டது தமிழ்க் கவிதையில் அதற்கு முன் நிகழ்ந்ததாகச் சொல்வது அரிது.

இரவில் கணவனும் மனைவியும் உரையாடுகையில், நாள் முழுதும் நமக்காகவே உழைத்தோமே, தமிழருக்கு என்ன செய்தோம் என்னும் கேள்வியும் எழுகிறது. வீட்டுக்குள் இருந்தே நாட்டைப் பார்க்கும் அந்தக் கேள்விதான் சாரங்கபாணியார் 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் காலத்துச் சிங்கப்பூர் வாசகரையும் பாவேந்தரின்பால் ஈர்த்த பண்பு எனலாம். சீர்திருத்தம் என்பது மேடையில் மட்டும் நடப்பதன்று, அடுக்களையிலும் நடப்பது என்று அக்கவிதை சொல்லிற்று.

பாரதிதாசன் புதுச்சேரியில் பல்லாண்டுகள் பள்ளியாசிரியராக இருந்தவர் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். ஒருநாள் நிகழ்ச்சியின் அமைப்பில் பள்ளிக்கூடத்து நேர அட்டவணையின் சாயல் உண்டு. ஒரு வேலை முடிந்ததும் மணி அடித்ததுபோல் அடுத்த வேலை தொடங்கிவிடுகிறது. எந்தப் பாடமும் அடுத்த பாடத்தின் நேரத்தைத் தின்பதில்லை.

இங்கேதான் திறனாய்வாளன் சற்று நின்று நோக்க வேண்டும். முதற்பகுதி பெரும்பாலும் விருத்த நடையில் ஓடுகிறது. அந்நடை தாவிச் செல்லும் இயல்புடையது. ஒவ்வோர் அடியும் ஒரே அளவான மூச்சில் முடியும். கோலமும் அதே மூச்சில், சமையலும் அதே மூச்சில், கடைவேலையும் அதே மூச்சில். இருபது வேலைகளைச் செய்து முடித்த பின்னும் செய்யுளுக்கு இளைப்பு வருவதில்லை. ஆதலின் தலைவிக்கும் இளைப்பு வருவதில்லை. இது யாப்பின் வெற்றியா, யாப்பு மறைத்த உண்மையா? இரண்டும்தான். தலைவியின் ஆற்றலைப் போற்ற வந்த கவிஞர் அவளுடைய களைப்பைப் பாட இடம் வைக்கவில்லை. களைப்பைப் பாடியிருந்தால் விளக்கு மங்கிவிடும் என்று அவர் கருதியிருக்கலாம்.

அந்த ஒரு நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் என்பதும் கருதத்தக்கது. அன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லை. வேலைக்குச் செல்லும் தாயின் திட்டமெல்லாம் சோதனைக்கு உள்ளாவது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளில்தான். குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து, பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, வந்து அழைத்துச் செல்லுங்கள் என்று தொலைபேசி வரும். மேலாளரிடம் சொல்லிவிட்டு அவள் ரயிலேற வேண்டும். அந்த நாளுக்குக் குடும்ப விளக்கில் விருத்தம் இல்லை.

விருந்தும் சுற்றமும்

இரண்டாம் பகுதியாகிய விருந்தோம்பலில், வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைத் தலைவி வரவேற்று உபசரிக்கிறாள். இன்றைய மாணவர் இதனை உறவினர் வருகை என்றே எளிதாகப் புரிந்துகொள்வர். ஆனால், பழந்தமிழ் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே வைத்தது. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர். வள்ளுவரும் இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை எண்ணும்போது விருந்தைத் தனியாகவும் ஒக்கலைத் தனியாகவும் வைத்தார். விருந்தோம்பல் அறத்துப்பாலில் ஒன்பதாம் அதிகாரம். உறவினரை அணைத்துக்கொள்ளும் சுற்றந்தழாலோ பொருட்பாலில் அரசியலில் ஐம்பத்து மூன்றாம் அதிகாரம். புதியவரைப் பேணுதல் அறம். உறவினரைப் பேணுதல் ஆளும் திறம் என்னும் இப்பகுப்பின் நுட்பம், மாமியார் வீட்டையும் தாய்வீட்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிட்டு வரவேண்டிய பெண்ணுக்கு விளக்கமின்றியே விளங்கும்.

இப்பகுதியின் உயிர்நாடி தலைவியின் பேச்சாகும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்று மாணவர் பலரும் அறிந்தது அது. சமையல் பெண்ணுக்கே உரிய, தவிர்க்க முடியாத கடமை என்று தமிழ்நாட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருப்பதாக அவள் சொல்கிறாள். அதனை நொடியில் நீக்க வேண்டுமானால் பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்றும் வாதிடுகிறாள். எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத் தலைவியின் வாயில் இப்பேச்சினை வைத்த துணிவு போற்றத்தக்கது.

ஆயினும், இதைப் பேசுபவள் யார்? அதே அடுக்களையைத் தாங்கி நிற்பவள். சட்டம் நீங்க வேண்டும் என்பவள் அச்சட்டத்தை நிறைவேற்றிக் கொண்டே பேசுகிறாள். முதற்பகுதியில் கணவனின் கடையை மனைவி ஏற்றுக்கொண்டதுபோல, மனைவியின் அடுப்பைக் கணவன் ஏற்கும் காட்சி நூலின் மையமாக எங்கும் அமையவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த கதவு ஒருபுறமாக மட்டுமே திறந்தது. இதனைக் கவிஞரின் முரண்பாடு என்று சிலர் தள்ளக்கூடும். அவ்வாறு தள்ளுவது நூலுக்குச் செய்யும் நீதியாகாது. கவிதையின் பேச்சு கவிதையின் செயலைவிட ஓரடி முன்னால் செல்கிறது என்பதே சரியான கணிப்பு. தலைவி எதை வேண்டுகிறாள் என்பதைக் கவிஞர் அறிந்திருந்தார். அது நிறைவேறிய வீடு எப்படி இருக்கும் என்பதைக் காண அவருக்கு முன்மாதிரி இல்லை.

சிங்கப்பூரில் அதற்கான சட்டம் எழுத்திலேயே வந்தது. 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம், கணவனும் மனைவியும் பிள்ளைகளைப் பேணுவதில் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும், வீட்டை நடத்துவதில் இருவருக்கும் சம உரிமை உண்டு என்றும், மனைவி தனியே தொழில் செய்யலாம் என்றும் வகுத்தது. தலைவியின் விருந்துரைக்கும் இச்சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள்கூட இல்லை. ஆனால், சட்டம் சமையற்கட்டுக்குள் நுழைந்து கரண்டியை எடுத்துத் தருவதில்லை. மகப்பேற்று விடுப்பு 2004இல் பன்னிரண்டு வாரமாகவும் 2008இல் பதினாறு வாரமாகவும் உயர்ந்தது. தந்தைக்கு அரசாங்கம் ஊதியம் தரும் விடுப்பு ஒரு வாரமாகத் தொடங்கியதே 2013இல்தான். அது நான்கு வாரமாகக் கட்டாயமானது 2025இல். தந்தையைத் தொட்டிலருகே கொண்டுவருவதற்குச் சட்டம் எத்தனை மெல்ல நடந்தது என்பதை இவ்வாண்டுகள் காட்டும்.

ஈசூன் என்னும் பெயருக்கும் ஒரு குடும்பக் கதை உண்டு. ரப்பர், அன்னாசித் தோட்டங்களுக்கு உரியவராக விளங்கிய லிம் நீ சூன் என்பாரின் பெயரே மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் ஆயிற்று. அருகில் உள்ள சோங் பாங், அவர் மகனின் பெயர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைசெய்த தென்னிந்தியர் பலர் இவ்வட்டாரத்தில் வாழ்ந்தனர். பின்னர்த் தோட்டங்களும் கம்பங்களும் இருந்த இடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன. 1988 டிசம்பரில் பெருவிரைவு ரயில் ஈசூனை எட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, ஒவ்வொரு புளோக்கிலும் இனங்களின் விகிதத்தை வரையறுக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. பல இனத்தவர் அண்டை வீட்டாராய் வாழ வேண்டும் என்னும் நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், அக்காள் வீட்டுக்கு எதிர்வீட்டை விரும்பிய தங்கை வேறு பேட்டைக்குச் செல்ல நேர்வதும் அதனால் உண்டு. கூப்பிட்ட குரலுக்கு வந்துநின்ற சுற்றம் ரயிலேறி வரவேண்டிய சுற்றமாயிற்று. தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகும் ஞாயிறும் உறவினரைப் பார்க்கும் ஞாயிறும் ஒன்றாகிவிட்டன. சிராங்கூன் சாலையில் மல்லிகையும் வாழையிலையும் வாங்கிய பையுடனேயே அத்தை வீட்டுப் படியேறுவது சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய காட்சி.

இரண்டாம் தாய்

குடும்ப விளக்கில் தாய் ஒருத்திதான். சங்க அகப்பாடலிலோ தாயர் இருவர்: ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இலக்கணம் கற்ற மாணவர் இதனை உரைகாரர் சொன்ன ஒரு வகைப்பாடாக மட்டும் மனப்பாடம் செய்வர். இதிலுள்ள வியப்பினை ஆசிரியர்கள் சுட்டிக்காட்டுவது அரிது. பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு ஈன்றவளிடமிருந்து வேறு ஒரு பெண்ணிடம் பகிரப்பட்டிருப்பதை அவ்விலக்கியம் ஒரு குறையாகவே கருதவில்லை. நற்றாயின் அன்பு குறைந்தது என்று எந்தப் புலவரும் பாடவில்லை. செவிலியின் அன்பு கூலிக்கு உரியது என்றும் எவரும் பாடவில்லை.

மேலும், மணமான மகளின் வீட்டைப் பார்த்துவரச் செல்பவளும் செவிலியே. மணமனைக்குச் சென்று மீண்ட செவிலி நற்றாய்க்கு உரைத்தது என்பது அகத்துறைகளுள் ஒன்று. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாட்டு இத்துறையில் அமைந்தது. தமிழில் உறவினர் வீட்டுக்குச் சென்றுவந்த செய்தியை இதனினும் சுருக்கமாகவும் நிறைவாகவும் சொன்ன பாட்டு வேறு இல்லை. புதுமணப் பெண் தயிரைக் கையால் பிசைகிறாள். அக்கையைத் துடைத்த ஆடையை மாற்றாமலே உடுத்திருக்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகிறது. கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்கிறது. இவ்வளவே. இங்கே அழுக்கு உண்டு, புகை உண்டு, பழகாத கையின் தடுமாற்றம் உண்டு. குடும்ப விளக்கின் தலைவிக்கு மறுக்கப்பட்ட அந்தச் சிறு தடுமாற்றத்தைச் சங்கப் புலவர் தம் தலைவிக்குத் தந்திருக்கிறார். ஆதலின்தான் அவள் மலர்ச்சி நம்பத்தக்கதாய் இருக்கிறது.

ஐங்குறுநூற்றில் பேயனாரின் செவிலி கூற்றுப்பத்தும் இவ்வாறு பார்த்துவந்து சொல்லியவையே. பெற்றோர் இருவருக்கும் நடுவில் உறங்கும் மகனை, மான்களுக்கு இடையே கிடக்கும் குட்டியாக அச்செவிலி காண்கிறாள். நற்றிணை 110இல், பொற்கலத்துத் தேன்கலந்த பாலை உண்ண மறுத்து ஓடிய சிறுமி, கொண்டவன் வீட்டின் வறுமையில் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். தந்தை வீட்டுச் சோற்றை நினைக்கவும் மறுக்கிறாள். வளர்த்தவர்க்கே அந்த மாற்றத்தின் அளவு தெரியும். பாலை ஊட்டக் கோல் பிடித்து அவள் பின்னால் ஓடிய கைகள்தாமே அவை!

வேலைக்குச் செல்லும் பெண்ணும் பழந்தமிழுக்குப் புதியவள் அல்லள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆய்மகள் புள் எழும் விடியலில் தயிர் கடைகிறாள். தலையில் குடத்தை ஏந்திச் சென்று மோர் விற்கிறாள். அவ்விலையில் சுற்றத்தார் அனைவரையும் உண்பிக்கிறாள். நெய்யின் விலைக்குப் பொன் கொள்ளாமல் எருமையும் பசுவும் வாங்கிக்கொள்ளும் அவள் முதலீட்டு அறிவு இன்றைய வணிகவியல் மாணவரையும் தலையசைக்க வைக்கும். தன் உழைப்பில் உறவைப் பேணும் பெண்ணுக்கு இதனினும் பழைய சான்று தேட வேண்டியதில்லை. ஆனால், அவள் மோர் விற்கப் போன நேரத்தில் அவள் குழந்தையை யார் வைத்திருந்தார் என்பதைப் புலவர் சொல்லவில்லை.

மலாயாத் தோட்டங்களில் அதற்கு ஒரு பெயர் இருந்தது: ஆயாக் கொட்டகை. இருள் பிரியுமுன் பால்வெட்டப் புறப்படும் தாயர், தூங்கும் குழந்தையை அங்கே ஒரு கிழவியிடம் விட்டுச் சென்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அதனையே பிள்ளை மடுவம் என்றனர். நீ சூன் வட்டாரத்து ரப்பர்க் காட்டை அறிந்த தமிழருக்கு, வேலையும் தாய்மையும் ஒருங்கே சுமத்தல் அடுக்குமாடி கொண்டுவந்த புதுமை அன்று. புதுமையாக வந்தது அளவே. 1960களின் பிற்பகுதியிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் பெண்களை ஆயிரக்கணக்கில் அழைத்தன. 1970இல் வேலைசெய்யும் வயதுப் பெண்களில் வேலையுலகில் இருந்தோர் நூற்றுக்கு முப்பதைத் தொடவில்லை; 1980இல் நாற்பதைத் தாண்டிவிட்டனர். 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண்களை அமர்த்தும் திட்டம் வந்தது. செவிலி மீண்டும் வீட்டுக்குள் வந்தாள். இம்முறை கடல்கடந்து, தன் பிள்ளையை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்தாள். நற்றாயும் செவிலியும் ஒரே பெண்ணாகி இரண்டு நாடுகளில் இரண்டு பாத்திரங்களை ஏற்கும் இந்நிலை அகத்திணை காணாத புதுத்துறை.

இப்போது வகுப்பறைக்குத் திரும்பலாம். குடும்ப விளக்குடன் சேர்த்து நினைக்கப்படுவது, 1944இல் வெளிவந்த இருண்ட வீடு. விடிந்த பின்னும் எழாத தலைவி, கழுவாத பிள்ளைகள், ஒழுங்கற்ற அறைகள் என்று நகைச்சுவையாகச் செல்லும் நூல் அது. கல்வி இன்மையின் கேட்டினை எள்ளி உணர்த்துவது அதன் நோக்கம். கவிஞர் எள்ளியது அறியாமையை. ஆனால், இரண்டு நூல்களையும் அருகருகே வைத்து, எது ஒளி, எது இருள் என்று மாணவரிடம் கேட்கும்போது, எள்ளல் வேறு இடத்தில் சென்று தைக்கிறது. இரவு முறைவேலை முடித்து வந்து காலை பத்து மணிக்கு உறங்கும் தாதியின் மகள் அவ்வகுப்பில் இருக்கிறாள். விடிந்த பின்னும் எழாதவள் தன் தாயே என்று அவள் எண்ணினால், குற்றம் பாவேந்தருடையது அன்று, கற்பிக்கும் முறையினுடையது. உறக்கத்தின் காரணத்தைக் கேளாமல் உறங்கும் நேரத்தை மட்டும் அளப்பது இலக்கியக் கல்வியாகாது. இருண்ட வீட்டின் தலைவிக்குக் கல்வி இல்லை. தாதிக்கு உறக்கம் இல்லை. இவ்விரண்டு இன்மைகளையும் ஒன்றாக்கும் வினாத்தாள் பிழையான வினாத்தாள்.

பிற்காலப் புனைகதையும் திரைப்படமும் இதில் பெரிதும் உதவவில்லை. வேலைக்குச் செல்லும் பெண்ணைத் தமிழ்த்திரை மதிப்புடன் காட்டிய படங்களுள் ஒன்று கே. பாலசந்தரின் அவள் ஒரு தொடர்கதை (1974). ஆனால், அதன் கவிதா மணமாகாதவள். குடும்பத்தைச் சுமப்பதற்காக மணத்தைத் துறப்பவள். அதே இயக்குநரின் மனதில் உறுதி வேண்டும் (1987) காட்டும் தாதியும் பிறந்த வீட்டையே சுமப்பவள். உழைக்கும் பெண்ணைப் போற்ற வேண்டுமானால் அவளைத் தாய்மையிலிருந்து விலக்கி வைத்துவிடும் வழக்கம் ஒன்று இருந்தது போலும். உழைப்பாளி, தாய் என்னும் இரண்டையும் ஒருத்தியிடம் வைத்தால் கதை முடிவு காணாது என்று அஞ்சினர் எனலாம். உண்மையில் அக்கதைக்கு முடிவு இல்லைதான். மறுநாள் காலை மட்டுமே உண்டு.

சிங்கப்பூரில் புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணன் வானொலிக்கு எழுதிய நகைச்சுவைத் தொடருக்கு அடுக்குவீட்டு அண்ணாசாமி என்று பெயரிட்டார். அத்தலைப்பிலேயே ஒரு திறனாய்வு உண்டு. ஊர்ப்பெயரோ குலப்பெயரோ நின்ற இடத்தில் அடுக்குவீடு வந்து நின்றது; மனிதனின் அடையாளமாக அவன் வாழும் மாடி ஆயிற்று. புதிய குடியிருப்பைப் புலம்பலுக்கு உரிய பொருளாக்காமல் சிரிப்புக்கு உரிய பொருளாக்கியது அக்காலத்துக்குத் தேவையான மனநலம். எனினும், அண்ணாசாமியின் பெயரால் அடுக்குவீடு அழைக்கப்பட்டதே அன்றி, அவ்வீட்டின் அடுப்படியில் நிற்பவள் பெயரால் அழைக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த அடுப்படிக்குள் முழுமையாக நுழைந்தவர் அம்பை. 1988இல் வெளிவந்த வீட்டின் மூலையில் ஒரு சமையலறை என்னும் தொகுதியின் தலைப்புக் கதையில், கணவனின் குடும்பத்தைப் பார்க்க வரும் மருமகள் மீனாட்சி, பெரிய வீட்டின் கடைசியில் ஒட்டவைத்ததுபோல் இருக்கும் சமையலறையைக் காண்கிறாள். அதன் சன்னலுக்கு வெளியே மலை தெரிகிறது. அவ்விடத்துத் தாழ்வாரத்தை விரித்துக் கட்டலாமே என்று அவள் சொல்லிப் பார்க்கிறாள். விடையாகத் துணி உலர்த்தும் கயிறுகள் வருகின்றன. சேலைகள் மலையை மறைக்கின்றன. எவரும் கோபித்துக்கொள்ளவில்லை, எவரும் மறுக்கவில்லை. மாமனார் ஒரு கயிற்றினால் பதில் சொல்லிவிட்டார். பாரதிதாசனின் தலைவி வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் பேசினாள். அம்பையின் மீனாட்சி வந்த இடத்தில் தானே விருந்தாக நின்று பேசினாள். முன்னதில் பேச்சுக்கு வரவேற்பு இருந்தது. பின்னதில் பேச்சு கேட்கப்பட்டது, அவ்வளவே. உறவினர் வீட்டுக்குச் சென்ற பெண்ணின் கண்வழியே ஒரு வீட்டைப் பார்த்தல் என்னும் முறையில் இக்கதை செவிலி கூற்றின் நேர்வாரிசு. புகையைக் கண்ட செவிலியும் சன்னலைக் கண்ட மருமகளும் ஒரே மரபினர்.

ஈசூனிலும் பிற பேட்டைகளிலும் நிகழும் ஒரு வழக்கத்தை இம்மரபில் வைத்துப் பார்க்கலாம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் சில வீடுகளில், கைக்குழந்தை திங்கள் முதல் வெள்ளி வரை பாட்டி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. சனிக்கிழமை பெற்றோர் சென்று அழைத்து வருகின்றனர். இடையில் ஒரு மாலை வேலை முடிந்து பார்க்கப் போனால், குழந்தை பாட்டியின் இடுப்பிலிருந்து இறங்க மறுத்துத் தாயை உற்றுப் பார்க்கும். பாட்டி தேநீர் ஊற்றித் தருவாள். பிள்ளை என்ன உண்டது, எப்போது உறங்கியது, எந்தச் சொல்லைப் புதிதாகச் சொன்னது என்பதையெல்லாம் எடுத்துரைப்பாள். சங்கப்பாடலில் செவிலி பார்த்துவந்து நற்றாயிடம் சொன்னாள். இங்கே நற்றாய் பார்க்க வருகிறாள். செவிலி இருந்த இடத்திலிருந்தே சொல்கிறாள். ஈன்ற பிள்ளைக்குத் தாய் விருந்தாகி நிற்கும் அந்த அரைமணி நேரத்தில் ஒரு முழுச் சிறுகதை இருக்கிறது. அதனை எழுதும்போது தாயைக் குற்றவாளியாக்காமலும் பாட்டியைத் தியாகியாக்காமலும் எழுத வேண்டும். செவிலி மரபு தரும் பயிற்சி அதுதான்: குறுந்தொகைச் செவிலி தான் கண்டதைச் சொன்னாள்; தீர்ப்புச் சொல்லவில்லை.

குடும்ப விளக்கின் ஐந்தாம் பகுதி முதியோர் காதலைப் பாடுகிறது. உடல் தளர்ந்த மணவழகனுக்குத் தன் மனைவி தங்கம் உயிரோடு இருக்கிறாள் என்பதே போதுமான இன்பமாகிறது. உழைப்பெல்லாம் முடிந்து, மக்களும் மருமக்களும் வீட்டைத் தாங்க, அன்பு மட்டும் எஞ்சியிருக்கும் ஓய்வு அது. தமிழில் முதுமையை இத்தனை அழகாகப் பாடிய பகுதிகள் மிகச் சிலவே. அவ்வோய்வுதான் இன்று பாட்டிக்குக் கிட்டுவதில்லை. பெற்றோரும் மணமான பிள்ளைகளும் சேர்ந்து வாழ்வதற்கென மூன்று தலைமுறை வீடுகள் 2013இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இடங்களுள் ஈசூனும் ஒன்று. அவ்வகை வீட்டில் தங்கத்தைக் குடியமர்த்திப் பார்த்தால், மணவழகன் தன்னைப் பார்த்து மகிழ்வதைக் கவனிக்க அவளுக்கு நேரமிருக்காது. மருமகள் ஆறு மணி ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டாள், பேரன் அழுகிறான், அறுபது வயதில் அவளுடைய ஒருநாள் நிகழ்ச்சி மறுபடியும் வைகறையிலிருந்து தொடங்குகிறது.